யாரு மேல, யாரு கீழ

"எங்களை என்னத்துக்கு மக்கா கடைசியில போட்டே?"

பாறசாலை ஸ்டேஷனில் ஒரு கால் ரயிலிலும் ஒரு கால் பிளாட்பாரத்திலுமாக நிற்கும்போது விஜயதாஸுக்கு வந்த போன் இது. பேசியது சரோஜம், ஊர்த் திருச்சபையின் பெண்கள் சங்கத் தலைவி.

"எதுல அக்கா?"

"சர்வருலதான். ஆண்கள் மேல. இளைஞர் அதுக்குக் கீழ. பாடகர் அதுக்கும் கீழ. நாங்க அடியில!"

"அது அகர வரிசை அக்கா. மெஷின் தானா அடுக்குறது."

"மெஷினுக்குச் சொல்லிக் குடுத்தது நீதானே?"

விஜயதாஸ் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் சர்வர் மேய்க்கிறவன். பகலெல்லாம் மேய்த்துக் களைத்து வருகிறவன் தலையில் இன்னொரு சர்வரைக் கட்டிய புண்ணியவான் சபைச் செயலாளர் ஞானசிகாமணி. சபை வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் படமும் சண்டையும் பெருகி அதை இழுத்து மூடியபோது, அவர்தான் சொன்னார்: "எலே, உனக்கு கம்ப்யூட்டர்ல எழுதிப் போடுற நியூஸ்குரூப் தெரியுமே. பண்டு நான் டெலிபோன் ஆபீசில பாத்ததாக்கும். சங்கத்துக்கு ஒரு பலகை வச்சுக் குடு. அவனவன் அவனுக்க பலகையில எழுதட்டு."

விஜயதாஸும் 'சபை' என்று தலையில் ஒரு பெயர் வைத்து, அதன் கீழே சபை.ஆண்கள், சபை.இளைஞர், சபை.பாடகர், சபை.பெண்கள் என்று நான்கு குழுக்களைக் கட்டினான். அதோடு விட்டது தொல்லை என்று நினைத்தான், பாவம். கமிட்டிக் கூட்டத்துக்கெல்லாம் அவன் போவதில்லை. கூட்டம் ஆறு மணிக்கு. அவன் ரயில் வந்து சேர்வதே ஏழரைக்கு.

வேறு நேரமென்றால் போனை அணைத்துவிட்டுப் படுத்திருப்பான். ஆனால் மகள் ஜோஸ்னாவின் கல்யாண விருந்து இருபதாம் தேதி, சபையின் புது ஹாலில். ஹால் திறப்பு பத்தொன்பதாம் தேதி. பெயின்ட் அடித்தாயிற்று, வாசலில் திறப்புக் கல் பதிப்பதுதான் பாக்கி. நாலு சங்கத் தலைவர்களில் ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் திறப்பு தள்ளிப்போகும். தள்ளிப்போனால் அறுநூறு இலையை எங்கே போடுவது?

ஆகவே பெண்களை 'அன்னையர்' ஆக்கினான். பட்டியலில் அவர்கள் ஜம்மென்று உச்சியில் போய் உட்கார்ந்தார்கள். நியூஸ் சர்வரில் பெயர் மாற்றுவதென்றால் சும்மாவா? புதுக் குழு உண்டாக்கி, பழைய பதிவுகளை அங்கே மாற்றி, பழையதை அழிக்க வேண்டும். பெண்கள் குழுவில் பழைய பதிவு மொத்தமே மூன்று. அதில் இரண்டு விஜயதாஸே போட்ட சோதனைப் பதிவுகள். ஒருத்தரும் எழுதாத பலகைக்கு ஏன் இந்த அடிபிடி என்று யோசிக்க அவனுக்குத் தெம்பில்லை.

மறுநாள் பாடகர் குழுத் தலைவன் சஜன் கூப்பிட்டான். "அண்ணா, பாட்டு இல்லாம ஆராதனை உண்டா? மூணாவதா கிடந்த எங்களை நாலாவதுக்குத் தள்ளிட்டீங்களே!"

அவன் வைப்பதற்குள் ஆண்கள் சங்கம். அது முடிவதற்குள் இளைஞர்.

யாரும் யாருக்கும் கீழே வேண்டாம், நாலும் தனித்தனியாக நிற்கட்டும் என்று விஜயதாஸ் 'சபை' என்ற தலைப்பெயரையே எடுத்துவிட்டான். இரண்டே நாளில், பாறசாலைச் சபை நாலாகப் பிளந்துபோயிற்று என்று காஞ்சிரங்குளம் வரைக்கும் பேச்சு. ஞானசிகாமணி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எலே, சபையை எங்கலே?"

"அழிச்சிட்டேன் சார்."

"எழுபது வருஷமா பிசாசால முடியாதது, உனக்கு ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுதா?"

அவர் போன பிறகு மனைவி விமலகுமாரி தேயிலைத் தண்ணியை நீட்டினாள். "இஞ்ச பாருங்க, எல்லாருக்கும் ஒரே பட்டியலை என்னத்துக்குக் காட்டுதீங்க? எனக்க அம்மை பாயசம் விளம்பும்போ ஒவ்வொருத்தர் காதிலயும் 'உனக்குத்தான் முதல்ல'ண்ணு சொல்லித்தான் தருவா. ஒரு சண்டையும் கிடையாது."

விஜயதாஸ் அவளை அப்படியே பார்த்தான். இருபத்தைந்து வருஷமாக இந்த மூளையைச் சமையல்கட்டில் விட்டுவிட்டுத்தான் கம்பெனிக்கு ரயிலேறிக்கொண்டிருந்திருக்கிறான்.

'சபை' மறுபடி தலைக்கு வந்தது. அதன் கீழே, யார் உள்ளே நுழைகிறார்களோ அவர்களுடைய குழு முதல் வரியில் வரும்படி சின்னதாய் ஒரு புரோகிராம் எழுதினான். சரோஜம் திறந்தால் அன்னையர் முதல். சஜன் திறந்தால் பாடகர் முதல். ஞானசிகாமணிக்கென்று 'செயலாளர்' என ஒரு குழுவைப் புதிதாக உண்டாக்கி, அவர் திறந்தால் அது முதல் என்று வைத்தான்.

ஐந்து பேரும் அடங்கினார்கள்.

"இப்பந்தான் மக்கா உனக்கு புத்தியில வெளிவு வந்துது" என்று சரோஜம் போனில் உருகினாள். "இதை ஒரு பிரிண்ட் எடுத்து, அடியில உனக்க ஒப்பும் போட்டுத் தா."

வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டுவாளாயிருக்கும் என்று எண்ணி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். மறுநாள் சஜன் கேட்டான்; கொடுத்தான். ஆண்கள், இளைஞர், கடைசியில் செயலாளர். ஒருவர் தாளை ஒருவர் பார்த்துவிடக் கூடாதே என்று உறையில் போட்டு ஒட்டியும் கொடுத்தான். கர்த்தாவே, இனி இருபதாம் தேதி தாண்டினால் போதும்.

பதினேழாம் தேதி சனிக்கிழமை. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எட்டு மணி வரை தூங்கினான். போன் ஒருதரம்கூட அடிக்கவில்லை. முற்றத்தில் ஜோஸ்னாவும் விமலகுமாரியும் விருந்துக்கு எத்தனை பழக்குலை வேண்டுமென்று சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. எவ்வளவு சுகம்!

கேட்டில் யாரோ தட்டினார்கள். உடம்பெல்லாம் கல்தூசியோடு ஓர் ஆள், கையில் தாள்க்கட்டு.

"ஆரு?"

"நெய்யாற்றின்கரையில கல்லு கொத்துற சோமனாக்கும், சாறே. ஹாலுக்க வாசல் கல்லு என்கிட்டத்தான் உண்டு."

"அதுக்கு என்னைத் தேடி எதுக்கு?"

சோமன் ஐந்து தாள்களையும் திண்டில் வரிசையாகப் பரப்பினான்.

"சங்கங்களுக்க பேரு சர்வரில கிடக்கிற வரிசையிலதான் கல்லில வரணும்ணு கமிட்டி போன மாசமே தீர்மானம் போட்டாச்சாம், இப்ப அஞ்சு பேரு அஞ்சு கடலாசு தந்திருக்கினும், அஞ்சுலயும் உங்க ஒப்பு உண்டு. இதில எதை சாறே கொத்த?"