முப்பத்தொன்றிலேயே நின்ற அணுக்கரு

சோதனைக்கூட விதி நான்கு: மின்சாரம் கொடுப்பதற்கு முன், மின்சாரமில்லாமல் ஒரு முழுநாள் வெப்பத்தை அளந்து பதிவேட்டில் குறிக்க வேண்டும். விருத்தாசலத்துப் பீங்கான் ஆலை ஒன்றில் அந்த விதியை எழுதியவன் நான். மீறிய மூவருக்கு மெமோ கொடுத்தவனும் நானே. (நான்காவதாக மீறியவனும் நான்தான். அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டதால் மெமோ கொடுக்க ஆளில்லை.)

2005-ல் ஒரு கொள்கை என்னைப் பிடித்துக்கொண்டது. சூரியனைப் போல் கொதிக்காமலேயே, சாதாரணச் சூட்டில் அணுக்கருக்கள் இணைந்து வெப்பம் தருமாம். எப்படி? உலோகத்துக்குள் நெருக்கியடிக்கும் எலக்ட்ரான்கள் அவற்றின் பகையை மறைத்துவிடுகின்றன என்பது ஒரு விளக்கம். இன்னும் பல உண்டு; எதையும் உலகம் ஏற்கவில்லை. சரி, என் விளக்கம் வரட்டுமென்று உலகம் காத்திருக்கிறது என நினைத்து, நாற்பது பக்கம் எழுதினேன். ஆதாரம், எனக்குத் தெரிந்த அந்தோணியின் பீங்கான் பட்டறையில் சுவரோரம் வைத்த ஜாடி. நிக்கல் கம்பி, பொட்டாஷ் கரைத்த தண்ணீர், பாட்டரி. ஒவ்வொரு முறையும் ஒன்பது டிகிரி ஏறியது!

ஆய்விதழுக்கு அனுப்பினேன். நிபுணர் ஒருவர் நேரில் பார்த்து ஒப்பமிட்டால்தான் அச்சு என்றார்கள். சென்னையிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார்.

பத்து மணிக்கு இணைப்புக் கொடுத்தேன். முப்பத்தொரு டிகிரி. பதினொன்றுக்கும் முப்பத்தொன்று. கம்பியைத் தட்டினேன். தெர்மாமீட்டரை மாற்றினேன். முப்பத்தொன்று.

"கொஞ்சம் பொறுங்க மேடம். அணுக்கரு மெதுவாத்தான் சேரும்."

"எவ்வளவு மெதுவா சார்? வேப்பூர்ல எனக்கு மூணு மணிக்கு பஸ்."

டீ கொண்டுவந்த என் மனைவி கமலா ஜாடியை எட்டிப் பார்த்தாள். "வூட்டுல இந்நேரம் ரெண்டு தடவ பால் பொங்கியிருக்கும்ங்க."

பன்னிரண்டு மணி. பேராசிரியையின் பேனா மூடியே இருந்தது. என் சட்டை முதுகோடு ஒட்டியது. அப்போது அந்தோணி தயங்கித் தயங்கி வந்தார்.

"ஐயா, பெரியவங்க வராங்க, பொகை அடிக்கக் கூடாதுன்னு இன்னிக்கு சூளைய பத்த வைக்கலைங்க. இப்ப பத்த வைக்கட்டுங்களா?"

பேராசிரியை எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்தார். "அந்தப் பக்கம் சூளையா?"

"ஆமாங்க."

"சார், நாற்பது பக்கத்துல சூளையைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே?"

சூளை எரியும் நாளில்தான் பட்டறை திறக்கும். நானும் அன்றுதான் போவேன். முப்பது வருடம் சூளையருகே நின்ற உடம்புக்கு அந்தச் சூடு உறைப்பதேயில்லை.

இன்றும் சாம்பார் ஆறிப்போனால் என் மகள் கேட்கிறாள்: "அப்பா, சூளைய பத்த வைக்கட்டுங்களா?"

கட்டுரையைத் திரும்பப் பெற, பேராசிரியை வந்துபோன அன்றே பதிவுத் தபாலில் விண்ணப்பித்தேன். பதிலில்லை. ஒப்பமில்லாமலே தவறிப்போய் அச்சாகிவிடுமோ என்று ஒவ்வொரு தபாலுக்கும் வாசலுக்கு ஓடினேன். என் புலம்பல் தாங்காமல் ஒரு விடியற்காலையில் கமலா எல்லாப் பிரதிகளையும் நெருப்பில் போட்டாள். அன்று பதினொரு மணிக்குத் தபால்காரர் வந்தார்: 'திரும்பப் பெற, கட்டுரையின் மூன்று பிரதிகளை இணைத்து விண்ணப்பிக்கவும்.'

பதில் வந்த நாள்: 2008, போகி.