‘நீ’ முடியும் இடம்

கோர்பினியன் உன்டர்வேகர் தன் சைக்கிளின் பின்சக்கரத்திலிருந்து தானே காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தான். உஸ்ஸ்ஸ் என்ற சத்தம், புதருக்கு அந்தப் பக்கம் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்த மேலதிகாரிக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று நடுநடுவே இருமினான்.

"என்னடா, சளியா?" என்று புதருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆமா பெர்ட்டி. காத்து ஒத்துக்கல."

பெர்ட்டி! இன்ஸ்ப்ரூக் அலுவலகத்தில் இப்படிக் கூப்பிட்டிருந்தால் தூண்கள்கூட மயக்கம் போட்டிருக்கும். அங்கே அவர் ஹோஃப்ராட் எங்கல்பெர்ட் ஓப்வெக்ஸர், ஆற்றுக்கரைப் பராமரிப்புத் துறையின் தலைவர். ‘ஹோஃப்ராட்’ என்பது அரசாங்கம் கொடுத்த பட்டம். அதைச் சேர்க்காமல் அவரிடம் மணி என்ன என்றுகூட யாரும் கேட்பதில்லை.

ஆனால் மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேலே எல்லாரும் எல்லாருக்கும் ‘நீ’தான். பட்டம், பதவி, வயசு எல்லாம் கீழேயே நின்றுவிடும். ஆயிரத்துக்குக் கீழே இறங்கிய நொடியில் மறுபடியும் ‘நீங்க’, ‘ஐயா’. இதற்குச் சட்டம் ஒன்றும் கிடையாது. வரி ஏய்க்கிறவர்கள்கூட இதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள்.

காலையில், ஆயிரத்துக்கு மேலே இருக்கும் டோப்லாக்கில் ரயிலை விட்டு இறங்கி இருவரும் சைக்கிளில் ஏறினார்கள். அங்கிருந்து லியன்ட்ஸ் வரை திராவ் ஆற்றோடு கூடவே பள்ளத்தாக்கு முழுக்க இறக்கம்தான். மிதிக்கவே வேண்டாம். ஊர் உலகமெல்லாம் அந்தச் சுகத்துக்காகத்தான் அங்கே வருகிறது. கோர்பினியனோ ஒவ்வொரு மீட்டருக்கும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

அவனுக்கு வேண்டியது லியன்ட்ஸ் கிளைக்கு ஒரு டிரான்ஸ்பர். லியன்ட்ஸில் புர்கி ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள். அவன் இன்ஸ்ப்ரூக்கில், அவள் அங்கே. சனி, ஞாயிறு மட்டும் காதல். "கடையைத் தூக்கிட்டு நான் வர முடியாது, நாற்காலியைத் தூக்கிட்டு நீ வரலாம்" என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். நேற்று போனில் முடிவாகச் சொன்னாள்:

"நாளைக்குக் கேட்டுட்டு வா. கேக்காம வந்தா ரொட்டிய வாங்கிட்டு, காசக் குடுத்துட்டுப் போயிட்டே இரு."

புர்கி இல்லாத வாழ்க்கையை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் ‘ஹோஃப்ராட் ஐயா, ஒரு விண்ணப்பம்’ என்று கீழே தொடங்கிய போதெல்லாம், "நீங்க போயிட்டா என் கோப்புகளையெல்லாம் யார் தேடுவா? முடியாது" என்று அவர் முடித்துவிட்டார். உண்மையில் கோப்புகளைத் தேட நாலு பேர் இருந்தார்கள். அவருடைய நகைச்சுவைக்குச் சிரிக்கத்தான் வேறு ஆள் இல்லை.

பெர்ட்டி என்றால் கேட்கலாம். ஆனால் பெர்ட்டி பேச இடம் கொடுத்தால்தானே! டோப்லாக்கிலிருந்தே வாய் ஓயவில்லை.

"நம்ம மந்திரி இருக்கானே, அவனுக்கு ஆறு எந்தப் பக்கம் ஓடுதுன்னே தெரியாதுடா! காட்டெருமை!" என்று கத்திவிட்டு, உடனே திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தார். "மேல பேசினது கீழ இறங்காது. தெரியும்ல?"

கோர்பினியன் வழக்கம்போலச் சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் சில்லியன் ஊர் வந்து போய்விட்டது. இனி எந்த வளைவிலும் ‘ஆயிரம் மீட்டர்’ பலகை வந்துவிடலாம். சரியாக எங்கே என்று கைபேசியில் பார்க்கவும் வழியில்லை. "அரசாங்கம் பலகை நட்டிருக்கும்போது கருவி எதுக்குடா?" என்று காலையிலேயே அவர் அதை அணைக்க வைத்திருந்தார்.

அதனால்தான் இந்தக் காற்றுப் பிடுங்கல். சக்கரம் நின்றால் பேச்சு வளரும் என்பது திட்டம்.

பெர்ட்டி கால்சட்டையைச் சரிசெய்தபடி வந்து, சப்பையாகிக் கிடந்த டயரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, பஞ்சரா? நகரு! பம்பு எங்கிட்ட இருக்கு."

"பெர்ட்டி, அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்..."

"பம்ப எப்படிப் புடிக்கணும்னு பாரு. உங்க தலைமுறைக்கு இதெல்லாம் தெரியாது. தோள்லேருந்து அழுத்தணும், முழங்கையிலேருந்து இல்ல."

"எனக்கும் புர்கிக்கும்..."

"பேசாத, எண்ணிக்கை தப்புது!"

அளவு விஷயத்தில் அவர் அப்படித்தான். இரண்டு சென்டிமீட்டர் குறைந்த கரைச்சுவரை இடித்துக் கட்ட வைத்த மனுஷன். இன்று உற்சாகத்தில் இருந்தார். அழுத்தினார், அழுத்தினார். ‘டப்!’ என்று டியூப் வெடித்து, ஆற்றோரம் நின்ற வாத்துகள் அத்தனையும் பறந்தன.

"உன் டியூப் சரியில்ல" என்றார் பெர்ட்டி.

கோர்பினியனுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். "பரவால்ல, திரும்பி சில்லியனுக்கு நடந்துபோய் ரிப்பேர் பண்ணிக்கலாம். பேசிக்கிட்டே நடப்போம்."

"மேட்டுல நடக்கவா? உனக்கென்ன பைத்தியமா? நீ மெல்ல உருட்டிக்கிட்டு இறங்கி வா. நான் முன்னாடி போய் லியன்ட்ஸ்ல பியர் சொல்லி வைக்கிறேன்."

காரியம் கெட்டது. கோர்பினியன் அவசரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "ஐயோ! என்னால ஒரு அடி நடக்க முடியாது பெர்ட்டி! கொஞ்ச நேரம் கூட உக்காரு!"

அலுவலகமாக இருந்தால், மருத்துவச் சான்றிதழ் கேட்டிருப்பார். இது மலை. பெர்ட்டியின் கண் கலங்கிவிட்டது.

"நண்பன நடு வழியில விடுவேனா நான்? உன் வண்டிய வேலியோட கட்டு. ஏறுடா கேரியர்ல!"

"வேண்டாம், ரெண்டு பேர் கனம் தாங்காது..."

"ஏறுங்கிறேன்ல!"

இரண்டு பேருடைய கனமும் சேர்ந்ததில் சைக்கிள் அதுவரை போகாத வேகத்தில் பாய்ந்தது. மேலதிகாரியின் தொப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கோர்பினியன் பின்னால் தொங்கினான். எதிரே வந்த இத்தாலியக் குடும்பம் ஒன்று ஒதுங்கி நின்று கைதட்டியது. பெர்ட்டி தொப்பியைத் தூக்கி வணங்கினார். வளைவு திரும்பியதும் தூரத்தில் ஒரு மோர்க்கடையும், அதற்குப் பக்கத்தில் மஞ்சள் பலகையும் தெரிந்தன. ஆயிரம் மீட்டர்!

இனி யோசிக்க நேரமில்லை. அவர் காதில் வாயை வைத்துக் கத்தினான்.

"பெர்ட்டி! என்னை லியன்ட்ஸுக்கு மாத்து! புர்கி என்னை விட்டுட்டுப் போயிடுவா!"

"என்னது?" என்று பெர்ட்டி முன் பிரேக்கை மட்டும் பிடித்தார்.

இருவரும் பலகைக்குப் பத்தடி முன்னால் காஞ்சொறிப் புதருக்குள் போய் விழுந்தார்கள். உடம்பெல்லாம் தீயாக எரிய, அங்கேயே உட்கார்ந்து கோர்பினியன் எல்லாவற்றையும் கொட்டினான். ரொட்டிக்கடை, சனி ஞாயிறு, நேற்றைய போன், எதையும் விடவில்லை. பெர்ட்டி மூக்கை உறிஞ்சினார்.

"அட மடையா! இதக் காலையிலேயே சொல்றதுக்கு என்ன? மாத்திட்டேன் போ! திங்கக்கிழமையே கையெழுத்து. என் மேல சத்தியமா!"

கட்டிப்பிடித்து இருவரும் அழுதார்கள். பாதி அன்பு, பாதி அரிப்பு.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பலகையைத் தாண்டினார்கள். தாண்டியதும் அவர் நின்றார். தொப்பியை நேராக்கினார், சட்டைப் பொத்தானை மேலே வரை போட்டார்.

"உன்டர்வேகர், உங்க முழங்கால் எப்படி இருக்கு?"

கோர்பினியன் தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றான். "நல்லா இருக்கு, ஹோஃப்ராட் ஐயா. அந்த டிரான்ஸ்பர்..."

"எந்த டிரான்ஸ்பர்?"

"இப்பதான் ஐயா, அந்தப் புதர்ல..."

"மேல பேசினது கீழ இறங்காதுன்னு காலையிலேயே சொன்னேனே. நீங்ககூடச் சிரிச்சீங்க." ஹோஃப்ராட் மோர்க்கடை பெஞ்சில் அமர்ந்து கழுத்தைச் சொறிந்துகொண்டார். "ஆயிரத்துக்குக் கீழ நான் குடுத்த வாக்க என்னிக்காவது மீறியிருக்கேனா?"

"இல்ல ஐயா."

"ஒரு சென்டிமீட்டர்?"

"இல்ல ஐயா." புர்கி ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி நீட்டுவதும், மீதிச் சில்லறை தருவதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும் அவன் கண்ணுக்கு அப்படியே தெரிந்தது.

"அளவுன்னா அளவு. அதோ, அரசாங்கப் பலகை. அதுக்கு மேல சொன்னது கணக்குல வராது. கீழ சொன்னா அது என் கையெழுத்து மாதிரி. இந்தம்மாவையே கேளுங்க" என்று, இரண்டு குவளை மோரோடு வந்த கடைக்காரி ட்ரௌடலிடம் பலகையைக் காட்டினார் ஹோஃப்ராட்.

"அந்தப் பலகையா?" என்றாள் ட்ரௌடல், குவளைகளை வைத்துக்கொண்டே. "அது சில்லியன் பக்கத்து மேய்ச்சல்ல இருந்துச்சுங்க. மாடுங்க முதுகு சொறிஞ்சே சாச்சுப்புடுச்சுங்க. போட்டோ எடுக்க நிக்கிறவன் ஒரு மோராவது குடிப்பானேன்னு நான்தான் பிடுங்கிட்டு வந்து இங்க நட்டேன். நீங்க ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சு அழுதீங்களே, அந்தப் புதரெல்லாம் ஆயிரத்துக்கு ரொம்பக் கீழதான்."