நுரைக்கும் சாம்பிள்

"இது யாரோட சாம்பிள்?"

டாக்டர் குபீச்செக் கேட்டதும் லிபுஷே சட்டெனத் திரும்பினாள்.

செக் நாட்டின் பில்சன் நகரில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் சோதனைக்கூடம் அவள் பொறுப்பு. கலக்கும் மெஷின் மேல் சுழன்றுகொண்டிருந்த குடுவையில் இருந்தது சாம்பிளே இல்லை. வீட்டில் பீர் காய்ச்சுவதற்காக, மால்ட் என்னும் முளைகட்டிய பார்லிச் சாற்றில் பீர் ஈஸ்ட்டைப் போட்டுப் பெருக வைத்திருந்தாள். வீட்டில் குடுவையைக் கையால் ஆட்டி ஆட்டிக் கணவன் ஹினெக்குக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. "உங்க மெஷின் சும்மாதானே கெடக்கு?" என்று அவன்தான் தூண்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை இருபது லிட்டர் காய்ச்சத் திட்டம்.

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும்.

"ஒரு பேஷன்ட்டோடது டாக்டர்."

"சிறுநீரா?"

"ஆ... ஆமா."

"ரெண்டு லிட்டர் இருக்கே!"

"ஒருநாள் பூரா சேர்த்தது டாக்டர்."

அவர் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நுரை, வாயை மூடியிருந்த அலுமினியத் தாளை முட்டியது.

"சர்க்கரை பாத்தியா?"

வேறு வழியில்லாமல் பார்த்தாள். அளவு காட்ட முடியாமல் கருவி திணறியது. டாக்டரோ மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

"கடவுளே, ஒரே ஈஸ்ட்! இந்த ஆள் இன்னும் உயிரோட இருக்காரா? உடனே வரச் சொல்லு!"

லிபுஷே நடைவழிக்கு ஓடி ஹினெக்குக்குப் போன் செய்தாள்.

"நீ பேஷன்ட்டா வரணும்."

"எனக்கு என்ன வியாதி?"

"வா, டாக்டரே சொல்லுவார்."

வந்தான். ரோஜாக் கன்னமும் பீர்த் தொப்பையுமாக நின்றவனை டாக்டர் தட்டிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

"தலை சுத்துதா?"

"இல்லீங்க."

"அப்போ முத்திப்போச்சு. ஒரு மாசத்துக்கு பீரைத் தொடக் கூடாது."

ஹினெக்கின் முகம் வெளுத்தது. உண்மையைக் கக்க வாய் திறந்தான். லிபுஷே அவன் காலை மிதித்தாள்.

"ஆ!"

"பாரு, வலி வேற ஆரம்பிச்சிடுச்சு," என்றார் டாக்டர். "இந்த சாம்பிளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கொண்டு போறேன். தாளை இறுக்கிக் கட்டாதே."

இரண்டு கையாலும் குடுவையை அணைத்துக்கொண்டு போனார்.

சோதனைக்கூடத்தில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்தார்கள்.

"பெரிய ஆஸ்பத்திரியில கண்டுபிடிச்சா?" என்றான் ஹினெக்.

"என் வேலை போயிடும்."

"என் பீரும் போச்சு."

தரை துடைக்க வந்த ருஷேனா, வாளியை வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னம்மா, இழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"டாக்டர் கிளம்பிட்டாரா ருஷேனாக்கா?"

"அவரா? ஒரு குடுவையைக் கார்ல முன்சீட்டுல உக்கார வெச்சு, பெல்ட் வேற மாட்டிவிட்டு, பாடிக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டாரே! வீட்டுல பீர் போட காலையிலேயே அம்பது லிட்டர் மால்ட் சாறு காய்ச்சி ஆற வெச்சுட்டு, நல்ல ஈஸ்ட் கிடைக்காமத் தவிச்சுக்கிட்டிருந்தாரு, பாவம்."