அண்டாவைத் தின்ற ஜூஸ்

"ஐயையோ, வேலாமணி! இங்க வந்து பாரு, ஜூஸ் கறுத்துப்போச்சு!"

ஜெகதீசன் போட்ட கூச்சலில் அவன் மனைவி கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். நேற்று செக்கச்செவேலென்று இருந்த பிளம்ஸ் சாறு, அண்டாவில் சாக்கடை நிறத்தில் நின்றது.

"ஏனுங்க, நாந்தான் அப்பவே சொன்னனுங்களே! புளிக்கொழம்பையே நான் இரும்புச் சட்டியில விட்டுவெக்க மாட்டேன். நீங்க துருப்புடிச்ச அண்டாவுல ராத்திரி பூரா வெச்சிருக்கறீங்க!"

வார்ப்பிரும்பு அண்டா, பூட்டிக் கிடக்கும் தேயிலை பேக்டரியுடையது. பச்சைத் தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போனதும் முதலாளி மயில்சாமி பேக்டரியை மூடிவிட்டார். கிளார்க் ஜெகதீசன் வீட்டில் உட்கார்ந்துவிட்டான். பிளம்ஸ் ஜூஸ் போட்டு ஓட்டல்களுக்கு விற்கலாம் என்று அவன் கிளம்பியபோது, வாட்ச்மேன் செல்லையாதான் மனமிரங்கி அண்டாவைக் கொடுத்தார். "மொதலாளிக்குத் தெரியாம கொண்டு போங்க. உள்ளார மெஷினும் பூரா இப்படித்தான் துருவேறிக் கெடக்குது. பாக்குறப்பல்லாம் தலையில அடிச்சுக்கிறாரு."

இன்று குன்னூர் ஓட்டல் மேனேஜர் வசந்த்குமார் ருசி பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால் கோத்தகிரியிலேயே பிழைப்பு. பிடிக்காவிட்டால் திருப்பூரில் மச்சானின் பனியன் கம்பெனியில், மச்சானுக்கே கைகட்டி வேலை.

"எலுமிச்சம்பழம் புழிஞ்சா தெளிஞ்சிரும்!"

ஒரு கூடையைப் பிழிந்தான். புளிப்பு ஏறி, சாறு இரும்பை இன்னும் வெறியோடு அரித்தது. துரு ஆணியை நக்கினது மாதிரி ஒரு வாடை.

"டீ டிக்காஷனை ஊத்தி, டீ ஜூஸுன்னு சொல்லீரலாம்!"

ஊற்றினான். அவ்வளவுதான், அசல் மை! பேனாவில் அடைத்து எழுதலாம்.

"அட கடவுளே!" என்று வேலாமணி வாயில் கை வைத்தபோது, வாசலில் ஜீப் வந்து நின்றது.

வசந்த்குமார் ஒரு மடக்குக் குடித்தார். விழி பிதுங்கியது. "என்னய்யா இது?" என்று கேட்ட வாய்க்குள் நாக்கு கன்னங்கரேலென்று தெரிந்தது. துப்பியதில் வெள்ளைச் சட்டையெல்லாம் கறை. அவர் திட்டிய திட்டு மஞ்சூர் வரை கேட்டிருக்கும். ஜீப் பறந்துவிட்டது.

"போச்சு, மூட்டையக் கட்டு" என்றான் ஜெகதீசன், பேயறைந்தவன் போல.

அந்த நேரம் பார்த்துத்தானா முதலாளி வரவேண்டும்! பின்னால் செல்லையா, திருட்டு முழியோடு.

"எங்கய்யா என் அண்டா?"

ஜெகதீசன் சாற்றைக் குடங்களில் சரித்துவிட்டு அண்டாவை முன்னால் தள்ளினான். மயில்சாமி உள்ளே எட்டிப் பார்த்தார். விரலால் தேய்த்தார். மறுபடி தேய்த்தார்.

"இதுல இருந்த துரு எங்கய்யா?"

"ஜூஸு... ஜூஸு தின்னுருச்சுங்க."

"அடப்பாவி, ஒரு சொட்டுக் கீழ ஊத்தீராதே! மெஷினையெல்லாம் பழைய இரும்புக்குப் போட இருந்தேன். நாளைக்கே பேக்டரிக்குப் பத்து டிரம் கொண்டாந்துரு!"