வனஜாவை அனுப்புவதற்கில்லை

வானவடி, புனே
11 நவம்பர் 2006

சிரஞ்சீவி அம்பிக்கு,

அத்திம்பேர் சூர்யநாராயணன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். க்ஷேமம் என்று எழுதப் பேனா சம்மதிக்கவில்லை. அங்கே கோயமுத்தூரில் நீயும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்கப் பகவான் பார்த்துக்கொள்ளட்டும்.

"அக்கா குரலே சரியில்லை, இங்கே வந்து ஒரு மாசம் படுத்து எழுந்திருக்கட்டும்" என்று போனில் இரண்டு தடவை சொல்லிவிட்டாய். போனில் பதில் சொன்னால் உன் அக்கா வனஜா காதில் விழும், அதனால் கடிதம். அவளை அனுப்புவதற்கில்லை. காரணத்தைக் கேள்.

செப்டம்பரில் இந்த ஊரையே படுக்கவைத்த சிக்குன்குனியா எங்கள் இருவரையும் ஒரே வாரத்தில் பிடித்ததல்லவா? ஜுரம் ஐந்து நாளில் போயிற்று, அசதி மட்டும் நகரமாட்டேன் என்கிறது. பல் தேய்த்தால் உட்கார வேண்டியிருக்கிறது, உட்கார்ந்தால் படுக்க வேண்டியிருக்கிறது. போன வியாழக்கிழமை சலூன் நாற்காலியிலேயே தூங்கிப்போனேன், சலூன்காரன் என் மீசையைப் பற்றி ஹிந்தியில் ஏதோ கேட்டிருக்கிறான், என் தலை தானாகச் சரிந்திருக்கிறது, சம்மதம் என்று முப்பது வருஷத்து மீசையை வழித்துவிட்டான் படுபாவி! ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பு சொஸைட்டி மீட்டிங்கில் கொஞ்சம் கண் அசந்தேன், கைதட்டல் கேட்டு முழித்தால் நான்தான் தண்ணீர் டாங்க் கமிட்டிக்குத் தலைவராம். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மொட்டைமாடி டாங்கை நான் ஏறிப் பார்க்க வேண்டுமாம், இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

டாக்டர் சமாசாரம் இன்னும் விசேஷம். பன்னிரண்டு வருஷமாக நட, நட என்று என்னை விரட்டின அதே மனுஷர், சர்க்கரை உள்ள சிலருக்கு இந்த அசதி மாசக்கணக்கில் நிற்கும், வீம்புக்கு நடந்தால் கூடத்தான் படுத்தும், இப்போதைக்கு உட்காருங்கள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம் என்றார். உன் அக்கா நம்பினாளா? "உங்க சோம்பேறித்தனத்துக்கு டாக்டரையும் கூட்டு சேத்துண்டுட்டேளா?" என்று தனியாகப் போய் அவரைக் குடைந்துவிட்டு வந்தாள். வந்த நிமிஷத்திலிருந்து வீட்டில் ராணுவச் சட்டம். "யார் எழுந்துக்கச் சொன்னா? உக்காருங்கோ!" மாத்திரை கைக்கு வருகிறது, விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறாள், மூன்று மாடி இறங்கி காய்கறி விற்கும் பாஜிவாலாவோடு மராத்தியில் மல்லுக்கு நின்று வெந்தயக்கீரை வாங்கி வருகிறாள். போதாக்குறைக்கு மொட்டைமாடி ஏறி டாங்கையும் அவளே பார்த்துவிட்டு வருகிறாள், தலைவர் நான், தெரிந்துகொள்!

அவளுக்கும் அதே ஜுரம், அவளுக்கும் எட்டு வருஷமாகச் சர்க்கரை. ஆறாம் நாள் எழுந்து இட்லிக்கு அரைத்தாள். என்ன உடம்புடா அது! கேட்டால், "எனக்கென்ன, நன்னாத்தான் இருக்கேன்" என்கிறாள். கல்யாணமான நாளாக நான் அவளை மனசுக்குள் மெச்சிக்கொண்டிருக்கிறேன், வாய்விட்டுச் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். இப்பேர்ப்பட்டவளுக்கு ஓய்வு எதற்கு? அவள் கிளம்பிவிட்டால் என் கதி? இனி அந்தப் பேச்சை எடுக்காதே.

உன் ஆத்துக்காரியை விசாரித்ததாகச் சொல். குழந்தைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மீசையில்லாத அத்திம்பேர்

பி.கு.: உறையை ஒட்டக் கோந்து கேட்கலாம் என்று சமையலறைக்குப் போனேன். உன் அக்கா தரையில் சுவரோடு சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள், மடியில் பாதி நறுக்கின கத்தரிக்காய். பகல் பதினொரு மணி. எழுப்பினால் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தாள், கால் நிற்கவில்லை, அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை நாளாக இப்படி என்றேன். "ஜுரம் வந்ததுலேர்ந்துதான். ரெண்டு பேரும் உக்காந்துண்டா யார் எழுந்துக்கறது?" என்றாள். எனக்கு வெட்கமாயிருக்கிறது அம்பி. மேலே எழுதினது அத்தனையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உடனே கிளம்பி வந்து அவளை அழைத்துக்கொண்டு போ. எனக்குச் சாதம் வைக்கத் தெரியும், உட்கார்ந்துகொண்டே வைப்பேன். அங்கே அவளை அடுப்படிப் பக்கம் விடாதே. நன்றாயிருக்கிறேன் என்பாள், நம்பிவிடாதே. இரண்டு மாசம் நான் நம்பினது போதும்.