மொளகு குடுத்தும் தீராத நோட்டு

"இன்னொருக்கா குடுக்கோணுமா? நான்தான் ஒரு மூட்டை மொளகு போட்டுத் தீத்துட்டனேங்க!"

பதறினான் ராசப்பன். பத்தொம்பது வயசு. நாலு நாள்ல கல்யாணம். அடிவாரத்துல இருந்து மலையேறி வந்த யாவாரி மருதாசலம் பாறை மேல உக்காந்து, மூச்சு வாங்க, ராசப்பன் கையெழுத்துப் போட்டுக் குடுத்த கடன் புரோநோட்டை விரிச்சுக் காட்டினாரு.

"யாருகிட்டப் போட்டே?"

"வெங்கிடுசாமிகிட்டங்க. பொண்ணுக்கு வெள்ளிக் கொலுசு கடனாக் குடுத்தது அவருதானுங்களே."

"நோட்டைத் திருப்பி வாங்கினியா?"

"அதை எதுக்குங்க வாங்கோணும்?" மொளகு அளந்து போட்டா கடன் தீந்துச்சு. அப்பறமும் கடுதாசியக் கேட்டா, 'உன்னை நம்பலை'ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி. மலையில எவன் கேப்பான்?

"அவன் இது பின்னால கையெழுத்துப் போட்டு எனக்கு வித்துட்டான். கெடுவுக்கு முன்னாடியே, சுளையாக் காசு குடுத்து, சூதுவாது தெரியாம வாங்கியிருக்கேன். நீ அவனுக்கு மொளகு போட்டது உங்க ரெண்டு பேரு பாடு. வெள்ளக்காரன் கோர்ட்டு என் பக்கந்தான் கண்ணு."

"ஏனுங்க, மெல்லப் பேசுங்க!"

மாமனாரு அண்ணாமலை காதுல விழுந்தா? கடங்காரனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? அம்சவேணி போச்சு!

வாயை அடைக்க ஒரு சேவலை அடிச்சுக் கொழம்பு வெச்சான். மருதாசலம் எலும்பு வரைக்கும் உறிஞ்சிட்டு, "பாவம்டா நீ. உன்னைத் தொந்தரவு பண்ணல. நோட்டை வேற யாருக்காச்சும் தள்ளிட்டு எறங்கிடறேன்"னு கெளம்பினாரு.

மறுநாளே சேதி வந்துச்சு. வாங்கினது அண்ணாமலை!

ராசப்பன் காட்டுவழியில விழுந்தடிச்சு ஓடி மருதாசலத்தைப் புடிச்சான். "போயும் போயும் எங்க மாமன்கிட்டயா வித்தீங்க?"

"வெலை குடுத்தாரு, வித்தேன். இனி என் உரிமை பூரா அவருக்கு."

"தப்பிக்க வழியே இல்லீங்களா?"

"கையெழுத்தே உன்னுது இல்லைன்னு ஆகோணும். கள்ளக் கையெழுத்து மட்டுந்தான் எவன் கைக்குப் போனாலும் செல்லாது." சொல்லிட்டுச் சிரிச்சாரு.

ராசப்பன் சிரிக்கல. திரும்பி மலையேறி ஓடினான்.

அண்ணாமலை ஊட்டு வாசல்ல சனம் நெறஞ்சு கெடந்துச்சு. நடுவுல அவரு, கையில நோட்டு. ஐயோ, ஊரையே கூட்டிட்டாரே!

"மாமா! அது என் கையெழுத்தே இல்லீங்க! நம்ம மலைச்சாமி அறப்பளீசுரர் மேல சத்தியம்! எனக்கு எழுதவே வராது. 'அ'னா கூடத் தெரியாத பச்சைத் தற்குறிங்க நான்!"

அண்ணாமலை நோட்டைக் கீழ போட்டாரு. 'அப்பாடா, தப்பிச்சேன்'னு ராசப்பன் மூச்சு விட்டான்.

மாமியா பாப்பாத்தி தலையில அடிச்சுக்கிட்டா.

"அட பாவி! கையெழுத்துப் போடத் தெரிஞ்ச மாப்ளைன்னு நாடு பூரா காட்டத்தான்டா உங்க மாமன் ரெண்டு ஆட்டை வித்து அதை வாங்கியாந்தாரு!"