நியான் தீம் அமைத்த படலம்

வாழி! நாற்காலியே தேராக, மடிக்கணினியே போர்க்களமாக, மூன்று நாள் மழிக்காத தாடியே கவசமாக, ஞாயிறு காலை பத்து மணிக்குப் போருக்கு எழுந்த மாவீரன் வாழி! வாரத்தில் ஆறு நாள் கூரியர் ஆபீஸில் பார்சல்மேல் முகவரி ஒட்டுபவன், ஏழாம் நாளில் மொழிபெயர்ப்பு நாவல்கள் வழியே பனிபொழியும் நகரங்களையெல்லாம் சுற்றிவிட்டு, தெருமுனைக் கடைக்குப் போகச் சொன்னால் மட்டும் கால் வலிக்கிறது என்பவன், வீட்டாரால் ‘எழுத்தாளரே’ என்று பட்டம் சூட்டப்பட்டவன், அவன் புகழை எப்படிப் பாடுவோம்! சொற்களே, வந்து வரிசையில் நில்லுங்கள். அவனுக்குத்தான் வரவில்லை, எமக்காவது வாருங்கள்.

போரின் காரணம் கேளீர். இணைய இதழ் ஒன்றின் ஆசிரியர், இருமுறை கெடு தவறிய நம் வீரனிடம் ஃபோனில் ஆணையிட்டிருந்தார்: “தம்பி, இதுதான் கடைசி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கதை வந்தா போடுறேன். இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன், கோவிச்சுக்கக் கூடாது.” தன் பெயரை நாலு பேர் படிக்கப்போகும் அந்த ஒரு பக்கத்துக்காக மூன்று வருடம் காத்திருந்தவன், குறிப்பெழுதும் செயலியைத் திறந்தான். ‘மழை பெய்துகொண்டிருந்தது’ என்று எழுதினான். நிமிர்ந்தான். திரையோ வெள்ளை, ஆஸ்பத்திரிச் சுவர்போல் ஈவிரக்கமற்ற வெள்ளை!

“இந்த வெளிச்சத்தில் எவனுக்குக் கற்பனை வரும்! காரிருள் படைப்பேன்! பழைய வீடியோ கேம் கடை வாசலில் எரிந்த நியான் விளக்குபோல், தலைப்பு இளஞ்சிவப்பாகவும் எழுத்து நீலப்பச்சையாகவும் ஒளிராத வரையில் இரண்டாம் வரி எழுதேன்!” என்று சூளுரைத்து, செயலியின் நிறங்களை மாற்றும் ‘தீம்’ பக்கத்தைத் திறந்தான். அப்படியொரு கடையை அவன் கண்ணால் கண்டதில்லை என்பதை இங்கே யாரும் பெரிதுபடுத்த வேண்டாம்.

ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் நிறங்கள், ஒவ்வொன்றும் ஆறு எழுத்துக் குறியீடு தரித்து, கடலெனத் திரண்டு எதிர்வந்து நிற்க, கண்ணிமைக்காக் காளை அவன், சாயம்போன சிவப்பைச் சாய்த்து, மிட்டாய்ச் சிவப்பை மிதித்து, உதட்டுச்சாயச் சிவப்பை ஓட ஓட விரட்டி, பின் அதையே தேடித் திரும்பக் கூட்டிவந்து மன்னிப்புக் கேட்டு, மதியச் சாப்பாடு தட்டிலேயே காய்ந்துபோனதையும் பாராமல், மாலை ஐந்து மணிக்கு அந்த ஒப்பற்ற இளஞ்சிவப்பைச் சிறைபிடித்தான். கரிய திரையில் அவனது ஒற்றை வரி சுடர்விட்டது. வென்றான்! வென்றான்!

அந்நேரம் உள்ளே நுழைந்தாள், கண்ணாடிக் கடையில் நாள் முழுதும் பிறர் பார்வையைச் சரிபார்த்துவிட்டு வந்த அக்கா.

“ஏன்டா, ஸ்க்ரீனுக்கு மஞ்சக்காமாலையா? ராத்திரி கண்ணு வலிக்காம இருக்கப் போட்ட ஃபில்டரை இன்னுமா நிறுத்தல?” என்று எட்டி ஒரு பொத்தானைத் தட்டினாள்.

அந்தோ! முந்தைய இரவு நாவல் படிக்கையில் போட்டு மறந்த, கண்ணுக்குப் பழகி வெள்ளையென்றே தோன்றிய மஞ்சள் திரை விலகிற்று. ஏழு மணிநேரம் அந்த மஞ்சளை ஈடுகட்ட அவன் அள்ளி அள்ளி ஊற்றியிருந்த நீலம் அத்தனையும் வெளியே வந்து பல்லிளித்தது. இளஞ்சிவப்பு கத்திரிக்காயாயிற்று. காரிருளோ கருநீலமாயிற்று.

“எழுத்தாளரே, இது என்ன ஸ்கூல் யூனிஃபார்மா?” அக்கா சிரித்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது. “டேய், இன்னிக்குத்தானே கடைசி நாள்? இன்னும் ஐம்பது நிமிஷம் இருக்கு. பேசாம அந்த வெள்ளையிலேயே எழுதுடா. நீ எழுதினா நல்லாத்தான் இருக்கும்.”

ஒரு கணம், ஒரே கணம், மாவீரனின் நெஞ்சம் தள்ளாடியது. இரண்டாம் வரி மனத்தின் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தது. உண்மையில் நல்ல வரி. ஆனால் கத்திரிக்காய்த் தலைப்பு அவனை ஏளனமாய் நோக்க, வெகுண்டெழுந்தான் வீரன்: “அக்கா! புண்பட்ட களத்தில் புறமுதுகிடேன்! ஐந்தே நிமிடம்!”

“எப்படியோ போ” என்றாள் அக்கா.

மீண்டும் மூண்டது பெரும்போர். நீலத்தின் தலைகளைத் துளித்துளியாய்க் கொய்து, சிவப்புக்கு உயிரூட்டி, இருளை மீண்டும் இருளாக்கி, யுகம் யுகமாய் எவரும் காணாத, இனி எவரும் காணப்போகாத அப்பேரொளி நிறத்தை இறுதியில் கைக்கொண்டு, விரல் சோர, விழி சிவக்க, வெற்றிக் களிப்பில் நாற்காலியை மும்முறை சுழற்றி, உலகமே தன்னை வணங்குவதாய் உணர்ந்து தலைநிமிர்ந்தான் நம் பெருமான்!

மணி ஆறே முக்கால் ஆகியிருந்தது. ஆசிரியர் வேறு ஒருவருடைய கதையைப் போட்டுவிட்டார், இவன் குளிக்கப் போனான்.